ஏரி, ஆறு, வயல்: குளிர்காலப் பறவைகளைப் பார்த்துப் பதிவு செய்யத் தொடங்குவது எப்படி?

வடக்கே நிலமும் நீரும் உறையத் தொடங்கினால் பறவைகளுக்கு இரை கிடைக்காது. அதனால்தான் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வாத்துகள், சேற்றோரம் இரை தேடும் உள்ளான்கள், வாலாட்டிகள், பூனைப்பருந்துகள் எல்லாம் உறையாத நீரைத் தேடித் தெற்கே வருகின்றன. பட்டைத்தலை வாத்து இமயமலையைக் கடக்கும்போது 7,000 மீட்டருக்கும் மேலே பறந்ததை, அதன் உடலில் பொருத்திய கருவிகள் பதிவு செய்திருக்கின்றன.

புதிதாகப் பறவை பார்க்க வருபவர்கள் பலர் அரிய பறவை வந்திருக்கிறது என்று கேள்விப்பட்ட இடத்துக்கெல்லாம் ஓடுகிறார்கள். நான் சொல்வது வேறு வழி. எளிதில் போய்வரக்கூடிய ஒரே நீர்நிலையைத் தேர்ந்தெடுத்து, குளிர்காலம் முழுக்க அங்கேயே திரும்பத் திரும்பப் போங்கள். பறவைகளை அடையாளம் காணவும் இதுதான் சீக்கிரம் கற்றுத்தரும். உங்கள் குறிப்புகளும் பிறருக்குப் பயன்படும்.

படி 1: இடமும் வெளிச்சமும்

திறந்த நீர்ப்பரப்பு, சேறு தெரியும் ஓரம், பக்கத்தில் வயலோ புல்வெளியோ இருக்கும் இடமாகப் பாருங்கள். மூன்றிலும் வெவ்வேறு பறவைகள் கிடைக்கும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அதாவது காலையில் கிழக்குக் கரை, மாலையில் மேற்குக் கரை. எதிர்வெயிலில் எல்லா வாத்தும் கறுப்பு வாத்துதான்!

படி 2: பைனாகுலர்

8x42 என்று எழுதியிருப்பது தொடங்குபவர்களுக்குப் போதும். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. 42 என்பது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 12 மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். முதலில் வலது பக்க லென்ஸை மூடிக்கொண்டு, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது பக்கத்தை மூடி, வலது கண் பக்கம் உள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். அப்புறம் பறவையிலிருந்து பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்கு உயர்த்திப் பழகுங்கள்.

படி 3: வாத்துகள்

நிறத்தைப் பார்ப்பதற்கு முன் நடத்தையைப் பாருங்கள். தலையை நீரில் விட்டு, வாலைத் தூக்கி மேய்பவை ஒரு வகை. முழுதாக மூழ்கி வேறிடத்தில் எழுபவை இன்னொரு வகை. கிளம்பும்போதும் வித்தியாசம் தெரியும். மேய்பவை நீரிலிருந்து நேராக எழும்பும். மூழ்குபவை நீரின் மேல் சிறிது தூரம் ஓடித்தான் பறக்கும்.

இங்கே புதியவர்களைக் குழப்பும் ஒரு விஷயம் உண்டு. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண் வாத்துகள் பளிச்சென்ற இறகுகளை உதிர்த்துவிட்டு, கிட்டத்தட்ட பெட்டையைப் போலவே ஆகிவிடும். பருவத் தொடக்கத்தில் வரும் கூட்டம் முழுக்கப் பழுப்பாகத் தெரிவது இதனால்தான். டிசம்பர், ஜனவரியில் பெரும்பாலான ஆண்கள் நிறம் திரும்பிவிடும். நீலச்சிறகிக்கு இன்னும் தாமதமாகும். அதுவரை வடிவத்தை நம்புங்கள். அகன்று தட்டையான அலகு இருந்தால் தட்டைவாயன். பெட்டைக்கும் அதே அலகுதான். நீண்ட கழுத்தும் கூரிய வாலும் இருந்தால் ஊசிவால் வாத்து. முகத்தில் அழுத்தமான கோடுகளோடு சிறிய பழுப்பு வாத்து என்றால் நீலச்சிறகிப் பெட்டையா என்று பாருங்கள். உடல் கறுப்பாக, அலகும் நெற்றியும் வெள்ளையாக இருந்தால் அது வாத்தே இல்லை, நாமக்கோழி.

படி 4: சேற்று ஓரம்

உள்ளான்கள் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டோடு தொடங்குங்கள். சாதாரண உள்ளான் பின்னுடலை ஓயாமல் ஆட்டும். மார்பின் பக்கவாட்டில் வெள்ளை நிறம் தோள்வரை ஏறியிருக்கும். விறைத்த சிறகுகளைப் படபடவென அடித்து நீரை ஒட்டித் தாழப் பறக்கும். பொரி உள்ளானுக்கு முதுகெல்லாம் புள்ளி, கண்ணுக்குப் பின்வரை நீளும் வெள்ளைப் புருவம், மஞ்சள் சாயலில் நீண்ட கால்கள். இவை பழகிவிட்டால் மற்றதை இவற்றோடு ஒப்பிட்டுக் கற்கலாம். மிகச் சிறிய உள்ளான்களான கொசு உள்ளான் வகைகளைப் பிரிக்க முடியவில்லையா? சரி, முதல் குளிர்காலத்தில் 'ஏதோ ஒரு கொசு உள்ளான்' என்றே எழுதுங்கள். அது நேர்மையான பதிவு.

படி 5: ஆறும் வயலும்

ஓடும் நீரில் கற்களுக்கிடையே சாம்பல் வாலாட்டி. மேயும் மாடுகளின் காலடியில் மஞ்சள் வாலாட்டி. கம்பிகளில் வரிசையாகத் தகைவிலான். வயலுக்கு மேலே தாழ்வாக, சிறகுகளை மேல்நோக்கிச் சற்றே உயர்த்தி மிதந்துபோகும் பருந்து தெரிந்தால் அது பெரும்பாலும் பூனைப்பருந்து. அவை இரவில் தரையில், புல்வெளியில் தங்கும். அந்தி நேரத்தில் அங்கே நடந்து கலைக்காதீர்கள்.

பொதுவாகவே, மேய்ந்துகொண்டிருந்த பறவைகள் தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால் நின்றுவிடுங்கள். அதற்கு மேல் போனால் பறந்துவிடும். நல்ல படத்துக்காகக் கூட்டத்தைக் கிளப்பிவிடுவதை என்னால் ஏற்கவே முடியாது. திரும்பிப் போகும் பயணத்துக்குக் கொழுப்பைச் சேர்க்க வேண்டிய பறவை, அந்த ஆற்றலை வீணாகச் செலவழிக்கிறது.

படி 6: எண்ணுதல்

பத்துப் பறவைகளைத் துல்லியமாக எண்ணுங்கள். அந்தப் பத்து கண்ணுக்கு எவ்வளவு இடம் எடுக்கிறது என்று பார்த்து, அதே அளவைக் கூட்டத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போங்கள். பெரிய கூட்டமென்றால் ஐம்பது ஐம்பதாக. இரண்டு முறை எண்ணுங்கள். 'நிறைய' என்று எழுதுவதைவிட 'சுமார் 300' என்பது எவ்வளவோ மேல். 1967 முதல் நடந்துவரும் சர்வதேச நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியை மையமாகக் கொண்டது. உங்கள் பகுதியில் அது நடந்தால், அனுபவமுள்ளவர்களோடு நின்று எண்ணிப் பழக நல்ல வாய்ப்பு.

படி 7: பதிவு

தேதி, தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம், நடந்த தூரம், பறவை, எண்ணிக்கை. நோட்டில் எழுதினாலும் பறவைப் பதிவுகளைச் சேகரிக்கும் ஈபேர்ட் (eBird) செயலியில் ஏற்றினாலும் இவைதான் தேவை. 2002இல் தொடங்கிய ஈபேர்ட், நீங்கள் அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் குறித்தீர்களா என்று கேட்கும். காகம், மைனாவையும் விடாமல் எழுதினால்தான் 'ஆம்' என்று சொல்லலாம். அப்போதுதான் பட்டியலில் இல்லாத பறவை அன்று உங்கள் கண்ணில் படவில்லை என்று ஆய்வாளர் புரிந்துகொள்ள முடியும். பறவையின் காலில் ஆய்வாளர்கள் மாட்டிய வண்ண வளையம் தெரிந்தால் எந்தக் கால், என்ன நிறம், மேலிருந்து கீழே என்ன வரிசை, எழுத்து இருந்தால் என்ன எழுத்து என்று உடனே குறியுங்கள். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

வந்த தேதியை எல்லோரும் ஆர்வமாக எழுதுவார்கள், போன தேதி விட்டுப்போகும். ஊசிவால் வாத்தைக் கடைசியாகப் பார்த்த நாள் எது என்பது அன்றைக்கே தெரியாது. அடுத்தடுத்த வாரங்களிலும் அதே கரைக்குப் போய், அது இல்லாத பட்டியல்களையும் பதிவு செய்திருந்தால்தான் தெரியும்.