காசநோய் ஆறியவருக்கு இருமலில் ரத்தம்: செய்யக் கூடாதவை

சம்பா அறுப்பு சமயம், மன்னார்குடிப் பக்கத்தில் எங்கள் மாமா இருமியபோது ரத்தம் வந்தது. எவர்சில்வர் டம்ளரின் அடியில் நுரையோடு பளீரென்ற சிவப்பு. "களத்துல நின்ன சூடு" என்று அத்தை இளநீர் வெட்டிக் கொடுத்தார். மூன்று நாள் அப்படியே போனது. அதை நினைத்தால் இன்றும் பதறுகிறது.

மாமாவுக்கு 11 வருடம் முன்பு காசநோய் வந்து குணமாகியிருந்தது. கிருமி செத்தாலும் நுரையீரலில் தழும்பும் குழியும் தங்கிவிடும். அந்த இடத்துக்கு ஓடும் மூச்சுக்குழாய்த் தமனிகள் தடித்து, முறுக்கிக்கொண்டு, எளிதில் கசியும். சிலருக்குக் குழியை ஒட்டிய நுரையீரல் தமனியே பலூன்போல வீங்கும். இதை 1868இல் டென்மார்க் மருத்துவர் ராஸ்முசன் விவரித்தார். இளநீருக்கு இங்கே வேலையே இல்லை.

"டிபி திரும்பிருச்சு" என்று வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை விழுங்குவதும் தவறு. சளிப் பரிசோதனைதான் அதைச் சொல்ல வேண்டும்.

"கொஞ்சம்தானே" என்று அளவு பார்த்துக் காத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. மூச்சுக்குழாய்கள் மொத்தமே 150 மில்லி அளவுதான் கொள்ளும். ரத்தம் வற்றி இறப்பதைவிட மூச்சு அடைத்து இறப்பவர்களே அதிகம். ரத்தம் கொட்டினால் 108ஐக் கூப்பிடுங்கள். எந்தப் பக்க நுரையீரலிலிருந்து ரத்தம் வருகிறது என்று தெரிந்தால், அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நல்ல நுரையீரலாவது தப்பும்.

"நெஞ்சைப் பிளப்பாங்க" என்று பயந்து ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடாதீர்கள். எம்போலைசேஷன் என்ற சிகிச்சையில் தொடையிலோ மணிக்கட்டிலோ ஊசித்துளை போட்டு, மெல்லிய குழாயை ரத்தக்குழாய் வழியே கொண்டுபோய், கசியும் தமனியை நுண்துகள்களால் அடைக்கிறார்கள். பெரும்பாலும் அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டால் போதும். தண்டுவடத்துக்குப் போகும் கிளையும் சில சமயம் அங்கிருந்தே பிரியும் என்பதால், அனுபவமுள்ள கை வேண்டும். சிறுநீரகக் கோளாறு, ரத்தக்குழாய் படத்தில் தெரிய ஏற்றும் சாய மருந்து ஒவ்வாமை, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை எதையும் மறைக்காதீர்கள்.

ரத்தம் நின்றதும் பீடியைப் பற்றவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தழும்பு அங்கேயேதான் இருக்கிறது, புது ரத்தக்குழாய்கள் முளைக்கலாம், பழைய குழியில் பூஞ்சை உருண்டை வளரலாம். மாதங்கள் கழித்தும் ரத்தம் வரலாம், மறுபரிசோதனையை விடாதீர்கள்.

பழைய எக்ஸ்ரேயைத் தூக்கிப் போடவும் வேண்டாம். மாமாவுடையது நெல் குதிருக்குப் பின்னால், உரச்சாக்கில் சுற்றிக் கிடந்தது. டாக்டர் அதைப் புது சிடி ஸ்கேனுக்குப் பக்கத்தில் பிடித்து, வலது மேல்பகுதியில் இருந்த குழியை விரலால் தொட்டுக் காட்டினார். "இது அப்பவே இருந்திருக்கு" என்றார்.