தாயத்தும் மாத்திரையும்: மனநல வார்டில் செவிலியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு அட்மிஷன் நேரத்திலேயே நடந்துவிடுகிறது. கழுத்தில் தாயத்து, இடுப்பில் அரைஞாண், மணிக்கட்டில் மந்திரித்த கறுப்புக் கயிறு. தற்கொலை எண்ணத்தோடு வருகிறவரிடம் கயிறு எதையும் விட்டுவைக்க முடியாது, சரி. ஆனால் ஒரு வார்த்தை பேசாமல் கத்தரிக்கோலால் நறுக்கினால், தனக்கிருந்த ஒரே காவலையும் பறித்துவிட்டார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும். அப்புறம் அந்தக் கை நீட்டும் மாத்திரையை அவர் நாக்குக்கு அடியில் ஒதுக்கித் துப்பினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஏன் கழற்றச் சொல்கிறோம் என்று விளக்குங்கள். அவரே கழற்றட்டும், இல்லையென்றால் அவருடைய அம்மா கழற்றட்டும். வீட்டாரிடம் கொடுத்துப் பதிவேட்டில் எழுதுங்கள். விபூதிப் பொட்டலம் தலையணைக்கு அடியில் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

அடுத்து, கோயிலுக்கும் தர்காவுக்கும் போய்வந்த குடும்பத்தைத் திட்டுவது. "இத்தனை நாளா எங்கம்மா போனீங்க?" என்று கேட்கும் கோபம் புரிகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று, மனநோயாளிகளைக் கூட்டிப்போகும் தர்கா ஊரான ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் அடியோடு தடை செய்கிறது. அதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. ஆனால் வேண்டுதலையும் சேர்த்துத் திட்டினால், அடுத்த முறை போவதை நம்மிடம் மறைப்பார்கள், மாத்திரையும் நின்றுவிடும். மனநலம் வேண்டித் தங்கும் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கப் போகிறோம் என்கிறார்களா? 48 நாளுக்கும் மாத்திரை கையில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

நோன்பு விஷயமும் இப்படித்தான். மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால், ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி நஞ்சாகலாம். "நோன்பு வைக்காதீங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் பலர் சொல்லாமல் வைப்பார்கள். ரமலானுக்குச் சில வாரம் முன்பே பேச்சை எடுங்கள். அப்போதுதான் நோன்பு வைக்கலாமா, மருந்து நேரத்தை மாற்றலாமா, ரத்தப் பரிசோதனை எப்போது என்று மருத்துவர் முடிவுசெய்ய அவகாசம் இருக்கும். கை நடுக்கம் அதிகமானால், வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால், நடை தள்ளாடினால் உடனே வரச் சொல்லுங்கள்.

சாமி வருவதெல்லாம் நோய் அல்ல. திருவிழாவில் அருள் வந்து ஆடி, உடுக்கை நின்றதும் தண்ணீர் குடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறவர் நோயாளி இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய் வகைப்பாடும் சமூகம் ஏற்றுக்கொண்ட சடங்கில் வருவதை நோயாகக் கொள்வதில்லை. மறுபக்கம், கூப்பிடாமலே வந்து ஆட்டிப்படைத்து, தூக்கமும் சாப்பாடும் போய், ஊர்க்காரர்களே "இது சாமி மாதிரி இல்லையே" என்றால், ஊர்ப் பழக்கம் என்று விட்டுவிடுவது பெரிய தவறு. ஊரில் மற்றவர்களுக்கு வருவது போலத்தான் இவருக்கும் வருகிறதா? வீட்டாரிடம் இந்த ஒரு கேள்வி கேட்டாலே நிறையத் தெரிந்துவிடும்.

ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த தொழிலாளிக்கு, கூட்டிவந்த காண்ட்ராக்டரையே மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். சம்பள பாக்கிதான் அவர் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால், அதை அந்த ஆளின் வாய் வழியாக எப்படிச் சொல்வார்? அந்த மொழி தெரிந்த ஊழியரைத் தேடுங்கள். வீடு திரும்பும்போது அரசின் இலவச மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416 எண்ணைக் கொடுங்கள், அங்கே பல மொழிகளில் பேசுகிறார்கள்.

கடைசியாக, வார்டின் சொந்தப் பழக்கம் ஒன்று: பேன் என்று சொல்லிப் பெண்களுக்கு மொட்டை போடுவது. நம் ஊரில் ஒரு பெண்ணின் தலைமுடியை அவள் சம்மதமின்றி மழிப்பது எவ்வளவு பெரிய அவமானம் என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கட்டாய மொட்டை கூடாது, விரும்பினால் சொந்த உடையே உடுத்தலாம் என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. பேன் இருந்தால் மருந்து போட்டு, ஈர்கொல்லியால் வாரிவிடுங்கள். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.