ஆப் வாங்குறதுக்கு முன்னாடி அத பிள்ளைங்க ஊருக்கு எடுத்துட்டுப் போய் பாருங்க

காலேஜ் செமினார் ஹால்ல டெமோ நடக்கும்போது பாடம் நடத்துறதுக்குன்னு விக்குற எந்த ஆப்பும் நல்லாதான் ஓடும், ஏன்னா அங்க வைஃபை இருக்கு, கரண்ட் இருக்கு, காட்டுறவர் கைல நல்ல லேப்டாப் இருக்கு. நான் திருவாரூர் பக்கம் ஒரு காலேஜ்ல வரலாறு எடுக்குறேன். சில வருஷம் முன்னாடி இப்படி ஒரு டெமோ பாத்துட்டு கமிட்டில நானும் சரின்னு கையெழுத்து போட்டேன், ஒரு வருஷ சந்தாவும் கட்டியாச்சு, அப்புறம் பாத்தா கோட்டூர், முத்துப்பேட்டை பக்கத்துலேர்ந்து வர்ற பிள்ளைங்க போன்ல லாகின் பக்கமே சுத்திக்கிட்டு நிக்குது. அசைன்மென்ட் போட முடியாம இன்டர்னல் மார்க் போனது அந்தப் பிள்ளைங்களுக்குத்தான், அது எனக்கு இன்னிக்கும் உறுத்துது. அதுக்கப்புறம் ஒரு டூல எடை போட நான் பழக்கப்படுத்திக்கிட்ட முறைய இங்க எழுதுறேன், மத்த டிபார்ட்மென்ட்காரங்களுக்கும் ஒத்துவரும்.

மொதல்ல ஆப்ப தொறக்காதீங்க. ஒரு தாள எடுத்து உங்க பாடத்துல பிள்ளைங்க எங்க தடுமாறுறாங்கன்னு ஒரு வரில எழுதுங்க. "கிளாஸ் சுவாரஸ்யமா இல்ல"ன்னு எழுதினா அத வச்சு எதையும் அளக்க முடியாது. "கல்வெட்டு வாசகத்த குடுத்தா யாரு யாருக்கு என்ன தானம் குடுத்தாங்கன்னு பிரிச்சு எடுக்கத் தெரியல"ன்னு எழுதினா அளக்கலாம். சில சமயம் இந்த எடத்துலயே தெரிஞ்சுடும், இதுக்கு ஆப்பே வேணாம், ரெண்டு பக்கம் ஜெராக்ஸும் நாலு நாலு பேரா உக்காந்து பேசுறதும் போதும்னு. 1983லயே ரிச்சர்ட் கிளார்க்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் இதப் பத்தி எழுதியிருக்காரு, மளிகை கொண்டு வர்ற லாரியால சாப்பாட்டோட சத்து மாறாது, அதே மாதிரி பாடத்த கொண்டு வர்ற கருவியால மட்டும் படிப்பு மாறிடாதுன்னு. அத மறுத்தவங்களும் உண்டு, ஆனா பணம் கட்டுற நேரத்துல இந்த லாரி ஞாபகம் இருக்குறது நல்லது.

அடுத்தது போன் சோதனை, இதுக்குத்தான் நெறைய நேரம் ஒதுக்கணும். பழைய போன் வச்சிருக்குற பிள்ளைய எல்லார் முன்னாடியும் எழுப்பி கேக்காதீங்க. வீட்டுல கெடக்குற உங்க பழைய போன எடுத்து, பிள்ளைங்க போடுற மாதிரி தினசரி பேக் போட்டு, தலைஞாயிறோ வேதாரண்யமோ போற பஸ்ல ஏறி, ராத்திரி எட்டு மணி வாக்குல அந்த ஊர்ல உக்காந்து தொறந்து பாருங்க, அப்பதான் ஊரே நெட்ட புடிச்சிருக்கும். இன்ஸ்டால் ஆக எவ்ளோ எடம் கேக்குது, குவிஸ் பாதில சிக்னல் போனா எழுதின பதில் இருக்கா அழிஞ்சுடுதா, வீடியோவ காலேஜ்லயே டவுன்லோட் பண்ணி வச்சுக்க முடியுமா, இதெல்லாம் குறிச்சுக்குங்க. கணக்கும் போடுங்க: ஒரு யூனிட்டுக்கு 200 எம்பி வீடியோ அஞ்சுன்னா 1 ஜிபி ஆச்சு, ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பேக்ல அதே போன்ல தம்பியும் படிக்கணும். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்போ நம்ம பக்கம் எத்தன ஊரு நாள் கணக்கா, வாரக்கணக்கா கரண்ட் இல்லாம கெடந்துச்சு. அதனால கடைசி தேதிய வாத்தியாரே ஒரு ஆளுக்கு மட்டும் தள்ளி வைக்க முடியுமான்னும் பாருங்க. சம்பா நடவு நேரத்துலயும் இது வேணும், வயலுக்குப் போற பிள்ளைங்க நம்ம கிளாஸ்ல இல்லன்னு சொல்ல முடியுமா.

தமிழ் சோதனைய யாருமே செய்யுறதில்ல, ஆனா தமிழ் மீடியத்துக்கு அதுதான் உசுரு. நாகப்பட்டினத்து சூடாமணி விகாரம் எந்த சமயத்தோடதுன்னு ஒரு வார்த்தை கேள்வி வச்சேன். பதில் பௌத்தம். பாதி பிள்ளைங்க 'பெ' போட்டு பக்கத்துல 'ள' போட்டு 'பெளத்தம்'னு அடிச்சிருக்காங்க, கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், மெஷினுக்கு வேற வேற எழுத்து, எல்லாருக்கும் சைபர் போட்டுடுச்சு. ஒரு பதிலுக்கு ரெண்டு மூணு வடிவத்த சரின்னு ஏத்துக்க வைக்க முடியுமா, தமிழ் வார்த்தைய தேடினா கிடைக்குதா, மார்க் லிஸ்ட எக்செல்ல எறக்கினா பேரு கட்டம் கட்டமா உடையாம வருதா, மூணையும் நீங்களே அடிச்சுப் பாருங்க.

மத்த விஷயங்களுக்கு புதுசா படிவம் தயாரிக்க வேணாம். கனடாவுல வெஸ்டர்ன் யூனிவர்சிட்டில லாரன் ஆன்ஸ்டீ, கேவன் வாட்சன்னு ரெண்டு பேரு 2018ல ஒரு மதிப்பீட்டு அட்டவணை வெளியிட்டாங்க. மொத்தம் எட்டு தலைப்பு: டூல் செய்யுற வேலை, எல்லாராலயும் பயன்படுத்த முடியுறது, டெக்னிக்கல் தேவை, மொபைல், தகவல் பாதுகாப்பு, அப்புறம் பிள்ளைங்க ஒருத்தரோட ஒருத்தர் பழக, வாத்தியார் வழிநடத்த, ஆழமா யோசிக்க அது எடம் குடுக்குதாங்குற மூணு. ஒவ்வொண்ணுக்கும் நல்லா இருக்கு, சின்னக் குறை, பெரிய குறை, பொருந்தாதுன்னு டிக் போட்டா போதும். மார்க்க கூட்டி சராசரி எடுக்காதீங்க, ஒரு எடத்துல பெரிய குறை இருந்தா மத்த ஏழும் நல்லா இருந்தும் பிரயோஜனம் இல்லாம போகலாம்.

பார்வை இல்லாத பிள்ளைங்க கிளாஸ்ல இருந்தா அவங்கள உக்கார வச்சு திரைல இருக்குறத வாசிச்சுக் காட்டுற மென்பொருள்ல, அதாவது போன்ல டாக்பேக்லயோ, கம்ப்யூட்டர்ல இலவசமா கிடைக்குற என்விடிஏலயோ லாகின்லேர்ந்து சப்மிட் வரைக்கும் தனியா போகச் சொல்லுங்க, நீங்க கை வைக்காதீங்க. ஸ்கேன் பண்ணின பிடிஎஃப் வெறும் படம், அந்த மென்பொருளால அத அப்படியே வாசிக்க வழி இல்ல.

தகவல் விஷயத்துல கூச்சப்படாம கேளுங்க. பாடம் படிக்க எதுக்கு கான்டாக்ட் லிஸ்ட், எதுக்கு ஆதார் நம்பர்? 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் 18 வயசு ஆகாதவங்க தகவல எடுக்க பெத்தவங்க சம்மதம் வேணும்னு சொல்லுது, ஃபர்ஸ்ட் இயர்ல சேர்றப்போ நம்ம பிள்ளைங்கள்ல நெறைய பேருக்கு 17தான்.

இதெல்லாம் தாண்டி வந்த டூல ஒரே ஒரு யூனிட்டுக்கு, ரெண்டு வாரம், ஒரு செக்ஷன்ல மட்டும் ஓட்டுங்க, இன்னொரு செக்ஷனுக்கு வழக்கம் போல எடுங்க, கடைசில ரெண்டுக்கும் ஒரே கேள்வித்தாள். ஆரம்பத்துலயும் ஒரு சின்ன டெஸ்ட் வைங்க, இல்லன்னா ஏற்கனவே நல்லா படிக்குற செக்ஷன பாத்துட்டு ஆப்புக்கு பேரு குடுத்துடுவோம். லாகின் பண்ணினவங்க ஆஹா ஓஹோன்னு சொல்றத விட, லாகின் பண்ணாதவங்க லிஸ்ட எடுத்து ஏன்னு ஒவ்வொருத்தரா தனியா கேளுங்க. எனக்கு உருப்படியான பதில் எல்லாம் அங்கேர்ந்துதான் வந்துச்சு, "போன் அண்ணன்கிட்ட இருக்கு சார்"ங்குறத எந்த டேஷ்போர்டும் காட்டாது.

விலை பேசும்போது சந்தாவோட சேத்து உங்க நேரத்தையும் எழுதுங்க, 60 பேருக்கு அக்கவுன்ட் தொறக்க, பாஸ்வேர்ட் மறந்தவங்கள திரும்ப உள்ள விட எத்தன மணி நேரம் போச்சுன்னு. ஆன்லைன்ல பாடம், டெஸ்ட் நடத்த உதவுற மூடில் மாதிரி இலவச மென்பொருளா இருந்தாலும் சர்வரும் அத பாத்துக்க ஆளும் வேணும். நாளைக்கு சந்தாவ நிறுத்தினா நாம போட்ட கேள்வி, பிள்ளைங்க மார்க் எல்லாம் எந்த வடிவத்துல கைக்கு வரும்னு எழுத்துல வாங்கிக்குங்க, "வந்துடும் சார்"னு வாயால சொன்னத நம்பி கமிட்டில கையெழுத்து போடாதீங்க.