பங்கும் பள்ளியும் கல்வியாண்டைத் தொடங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கத்தோலிக்கப் பங்கும் (ஓர் ஆலயத்தைச் சேர்ந்த இறைமக்கள் சமூகம்) அதன் பள்ளியும் கல்வியாண்டு தொடங்குமுன் நடத்தும் திட்டமிடல் கூட்டங்களில், புதிதாகப் பொறுப்பேற்ற மறைக்கல்வி ஒருங்கிணைப்பாளர்களும் உதவிப் பங்குத்தந்தையரும், என் தலைமுறையினர் தடுமாறிய அதே இடங்களில் தடுமாறுவதைக் கண்டு வருகிறேன். சீருடை, பாடநூல், கால அட்டவணை ஆகியவற்றைப் பள்ளி அலுவலகம் பார்த்துக்கொள்ளும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

வகுப்புப் பெயர்ப்பட்டியலையே பங்கின் பட்டியலாகக் கொள்வது

பள்ளி திறந்தவுடன் ஒருங்கிணைப்பாளர் அலுவலகத்தில் ஒரு வகுப்பின் பெயர்ப்பட்டியலைக் கேட்டு வாங்குகிறார். கத்தோலிக்கர் என்று குறிக்கப்பட்ட பெயர்களைத் தனியே எழுதுகிறார். அதுவே அவ்வாண்டின் புதுநன்மைப் பட்டியலாகிவிடுகிறது, அதாவது திருப்பலியில் முதன்முறையாக நற்கருணை வாங்கவிருக்கும் பிள்ளைகளின் பட்டியல். வகுப்பறை, ஆசிரியர், வருகைப் பதிவு எல்லாம் ஆயத்தமாக இருப்பதால் இவ்வழி எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் அந்தப் பட்டியல் பள்ளியில் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லுமே தவிர, பங்கில் யார் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லாது. வேறு பள்ளிகளில் படிக்கும் பங்கின் பிள்ளைகளும், சிறப்புப் பள்ளிகளுக்குச் செல்லும் பிள்ளைகளும் அதில் இடம்பெறுவதில்லை. பக்கத்துப் பங்கிலிருந்து இப்பள்ளிக்கு வரும் பிள்ளையின் பெயரோ இரு பங்குகளிலும் இருக்கும், அல்லது இரண்டிலும் இல்லாமல் போகும்.

ஒரு பங்கில், வேறு பள்ளியில் படித்த சிறுமி ஒருத்தி தாயுடன் ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வந்துகொண்டிருந்தாள். புதுநன்மை வாங்கவிருந்த பிள்ளைகளின் பெயர்கள் ஆலயத்தில் வாசிக்கப்பட்ட பிறகே அத்தாய்க்குச் செய்தி தெரிந்தது. பள்ளி நாட்குறிப்பேட்டின் வழியாக எல்லாருக்கும் அறிவித்துவிட்டோம் என்று ஒருங்கிணைப்பாளர் விளக்கியபோது, "அப்படியானால் பூசைக்கு வருகிற நாங்கள் யாருங்க?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு அங்கே ஒருவரிடமும் விடை இல்லை. இன்றும் இந்தத் தவறைப் பார்க்கும்போது எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

அதே பட்டியலில் இன்னொரு சிக்கலும் இருந்தது. கத்தோலிக்கர் என்று குறிக்கப்பட்டிருந்த ஒரு சிறுவனுக்குத் திருமுழுக்கே (ஞானஸ்நானம்) அளிக்கப்படவில்லை. பெற்றோர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தனர், சான்றிதழை யாரும் கேட்கவில்லை. திருமுழுக்குப் பெறாதவர் நற்கருணை, உறுதிப்பூசுதல் போன்ற மற்ற அருளடையாளங்களைச் செல்லத்தக்க முறையில் பெற இயலாது என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 842ஆம் சட்டம் கூறுகிறது. அவசரமாகத் திருமுழுக்கு அளித்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பதும் தவறு. பகுத்தறியும் வயதை அடைந்த பிள்ளைக்குப் பெரியோருக்கான ஒழுங்குகளே பொருந்தும் என்கிறது 852ஆம் சட்டம். ஏழு வயது நிறைந்த பிள்ளை அந்த வயதை அடைந்ததாகவே சட்டம் கருதுகிறது. ஆகவே முறையான ஆயத்தம் தேவை. அதை ஒரு வாரத்தில் முடிக்க இயலாது.

பிள்ளைகளை நற்கருணைக்கு ஆயத்தப்படுத்தும் கடமையை 914ஆம் சட்டம் முதலில் பெற்றோருக்கும், அவர்களோடு பங்குத்தந்தைக்கும் அளிக்கிறது. வகுப்பு எண் எதையும் அது குறிப்பிடவில்லை. எனவே திருமுழுக்குப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். உரிய வயதுப் பிள்ளைகளின் பெயர்களை அதிலிருந்து எடுத்து, வேறு பங்கிலிருந்து குடிவந்தோரிடம் திருமுழுக்குச் சான்றிதழைப் பெற்றுச் சேர்த்து, எல்லா ஞாயிறு திருப்பலிகளிலும் சில வாரங்கள் தொடர்ந்து அறிவித்த பின்னரே, பள்ளிப் பட்டியலைச் சரிபார்ப்பதற்காக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

திருமுழுக்குப் பெற்றவரை நம்பிக்கையில் உறுதிப்படுத்தும் உறுதிப்பூசுதலில், வகுப்புப் பட்டியலை நம்பியதன் விளைவு தாமதமாகத்தான் தெரியவரும். உறுதிப்பூசுதல் பெற்ற செய்தி திருமுழுக்கு நடந்த பங்கிற்கு அனுப்பப்பட்டு, அங்குள்ள பதிவேட்டில் குறிக்கப்பட வேண்டும். திருமுழுக்கு பெற்ற இடமே எழுதப்படாத பட்டியலை வைத்துக்கொண்டு யாருக்கு அனுப்புவது? பல ஆண்டுகள் கழித்துத் திருமணத்திற்காகப் புதிய சான்றிதழ் கேட்கும்போது அந்தக் குறிப்பு இல்லாததைக் கண்டு, அலைவது அந்தப் பிள்ளைதான்.

தொடக்கத் திருப்பலியை ஆண்டுவிழாவாக்குவது

தூய ஆவியாரின் வேண்டுதல் திருப்பலியோடு (அன்றைய நாளுக்குரிய திருப்பலிக்குப் பதிலாக நிறைவேற்றப்படுவது) ஆண்டைத் தொடங்குவது நல்ல வழக்கம். முதலில் வழிபாட்டு நாள்காட்டியைப் பாருங்கள்: பொதுக்கால (தவக்காலம் போன்ற சிறப்புக் காலங்கள் அல்லாத) வார நாள்களில் பெரும்பாலும் தடையிராது, பெருவிழாக்களில் முடியாது. சிறுவர் திருப்பலிக்கென 1973இல் வெளியான வழிகாட்டி வாசகங்களைக் குறைக்க இசைந்தாலும், நற்செய்தியை ஒருபோதும் விடக்கூடாது என்கிறது. வரவேற்புரையையும் பரிசளிப்பையும் திருப்பலி முடிந்தபின் வேறு இடத்தில் நடத்துங்கள். கத்தோலிக்கரல்லாத மாணவர்கள் வரிசையோடு எழுந்து நற்கருணைக்கு வந்துவிடாதபடி முன்கூட்டியே கனிவாக விளக்கிச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் பீடத்தருகே திருப்பி அனுப்புவது அவர்களைக் கூனிக்குறுக வைக்கும்.

நன்கொடைகளைக் கலப்பது

ஏழை மாணவர் கட்டணத்திற்கென்று வந்த பணத்தைக் கூரைப் பழுதுக்குச் செலவிடக்கூடாது. 1267ஆம் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது.

ஓய்வு வேளை உள்ளவரிடம் மறைக்கல்வியை ஒப்படைப்பது

உண்மையான போதனை, கிறிஸ்தவ வாழ்வின் சான்று, கற்பிக்கும் திறன் ஆகிய மூன்றையும் 804ஆம் சட்டம் எதிர்பார்க்கிறது. அட்டவணையில் இடைவெளி இருப்பது நான்காவது தகுதி அன்று.

பெற்றோர் கூட்டத்தைக் கட்டணப் பேச்சோடு முடிப்பது

வேண்டாம்.

இரண்டு நாள்காட்டிகள் வைத்திருப்பது

ஆயர் உறுதிப்பூசுதலுக்கு வரும் நாளும் பள்ளித் தேர்வு நாளும் ஒரே தாளில் எழுதப்படாவிட்டால், இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து நிற்கும். ஆயரின் நாளை மாற்றுவது கடினம் என்பதால், அதை முதலில் எழுதிவிட்டு மற்றவற்றை அதைச் சுற்றி அமையுங்கள்.