கேஸ் ஃபிரிட்ஜைக் கழற்றினால் வயரையும் மாற்றுங்கள்

வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும், தங்கும் வசதி கொண்ட டிரெய்லரில், கேஸை எரித்துக் குளிரூட்டும் கேஸ் ஃபிரிட்ஜுக்குப் பதிலாக 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் வைப்பவர்கள், பேட்டரியிலிருந்து தடிமனான தனி வயர் இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள்.

கேஸ் ஃபிரிட்ஜின் பழைய வயர் வெறும் கன்ட்ரோல் போர்டுக்காக, அதாவது ஃபிரிட்ஜைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்டுக்காகப் போட்டது. அதில் ஓடுவது மிகக் குறைந்த மின்சாரம். கம்ப்ரசரோ பல ஆம்பியர் இழுக்கும், கிளம்பும்போது இன்னும் கூடுதல். மெல்லிய வயரில் வோல்டேஜ் இறங்கிவிடும். பல கம்ப்ரசர்கள் 10.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் தானாக நின்றுவிடும், பேட்டரி நிறைந்திருந்தாலும். இதைத் தெரியாமல் நல்ல ஃபிரிட்ஜைக் குறை சொல்லக் கூடாது.

பழையது கேஸ், வீட்டு மின்சாரம், 12 வோல்ட் மூன்றிலும் குளிரூட்டும் மூன்று வழி மாடல் என்றால் தடித்த வயர் ஏற்கெனவே இருக்கும். அது டிரெய்லர் பேட்டரியிலிருந்துதான் வருகிறதா, இழுக்கும் வண்டியிலிருந்தா என்று மட்டும் பாருங்கள். அப்புறம், கேஸ் குழாயை மூடி போட்டு அடைக்காமல் சிலிண்டரைத் திறக்க வேண்டாம்; திறந்ததும் மூடியில் சோப்பு நுரை தடவிக் கசிவு பாருங்கள்.