55 இன்ச் டிவியில் படம் மங்கலா? திருப்பி அனுப்பும் முன் இதைச் செய்து பாருங்கள்

காரிமங்கலத்தில் எங்கள் வீட்டுக்குப் போன மாசியில் 55 இன்ச் 4கே டிவி ஒன்று வாங்கினோம். ஆன்லைன் தள்ளுபடியில் கிடைத்த விலை குறைந்த டிவிதான். மாட்டிய அன்று சாயங்காலம் அப்பா செய்தி சேனலைப் போட்டார். வாசிப்பவரின் முகம் மெழுகு பூசினாற்போல் வழவழவென்று இருந்தது. கீழே ஓடும் எழுத்துகளைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு. "பழைய டிவியே தேவல போலிருக்குதே" என்றார். ஆசையாக வாங்கிக் கொடுத்த எனக்கு மனசே விட்டுப்போனது.

திருப்பி அனுப்பப் பத்து நாள் கெடு இருந்தது. நான்கு சாயங்காலம் ரிமோட்டோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். இப்போது அதே டிவியில் அப்பா நிம்மதியாகச் செய்தி பார்க்கிறார். நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். ரிமோட்டில் செட்டிங்ஸ் எங்கே இருக்கிறது, டிவியை வைஃபையோடு எப்படி இணைப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. கோளாறு டிவியிலா, வரும் படத்திலா?

டிவியில் இருக்கும் யூடியூப் செயலியில் 4கே வீடியோ ஒன்றைப் போடுங்கள். நான் ஒகேனக்கல் அருவி வீடியோ போட்டேன். தண்ணீர்த் திவலை, பாறையின் சொரசொரப்பு, பரிசலின் பின்னல் என்று நுணுக்கமாகப் பார்க்க நிறைய இருக்கிறது. தரத்தைத் தானாக விடாமல் 2160 என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். படம் நின்று நின்று ஓடினால் நெட் போதவில்லை. 4கே படத்துக்கு நெட்பிளிக்ஸ் கேட்கும் வேகமே விநாடிக்கு 15 மெகாபிட். ரவுட்டர் அடுத்த அறையில் இருந்தால் ஒரு லேன் ஒயர் இழுத்துவிடுங்கள், வைஃபையோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இதில் படம் பளிச்சென்று இருந்து, கேபிள் சேனலில் மட்டும் மோசமாக இருந்தால் பேனல், அதாவது டிவியின் திரை, நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தது.

2. செட்டாப் பாக்ஸ்

சாதாரண சேனலின் படத்தில் இருப்பது 720க்கு 576 புள்ளிகள், அதாவது சுமார் நான்கு லட்சம். 4கே திரையில் இருப்பது 3840க்கு 2160, கிட்டத்தட்ட 83 லட்சம். வந்த ஒவ்வொரு புள்ளியையும் டிவி இருபதாக இழுத்து நிரப்ப வேண்டியிருக்கிறது. பழைய 32 இன்ச் டிவியில் தெரியாத குறை இதில் தெரிவது அதனால்தான். அதே ஹாலில் அதே தூரத்தில் உட்கார்ந்து பார்க்கிறோம், திரை மட்டும் பெரிதாகிவிட்டது. முடிந்தால் நாற்காலியை இரண்டடி பின்னால் தள்ளிப் போடுங்கள். தினமும் பார்க்கும் நாலைந்து சேனலுக்காவது ஹெச்.டி. போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் பாக்ஸ் ஹெச்.டி. பாக்ஸ்தான். ஆனால் டிவியை மாட்டிய தம்பி பழைய மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரையே செருகிவிட்டுப் போயிருந்தார். அந்த ஒயர் வழியாக ஹெச்.டி. படம் வராது. தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் ஒன்றரை மீட்டர் ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் வாங்கி மாட்டினேன். தங்க முலாம் பூசியது, ஆயிரக்கணக்கில் விலை சொல்வது எதுவும் வேண்டாம். செட்டாப் பாக்ஸுக்குச் சாதாரண கேபிளே தாராளம்.

கேபிள் மாற்றியும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பாக்ஸின் ரிமோட்டில் மெனுவுக்குள் போய்ப் பார்த்தால் வீடியோ அவுட்புட் '576i' (சாதாரண சேனலின் தரம்) என்று இருந்தது. அதை '1080i' (ஹெச்.டி. தரம்) ஆக்கியதும் ஹெச்.டி. சேனல் துலங்கியது. மாற்ற வேண்டியது டிவி ரிமோட்டில் அல்ல, பாக்ஸ் ரிமோட்டில்.

3. பிக்சர் மோடு: நான் மாட்டிக்கொண்ட இடம்

கடையில் பளபளவென்று காட்டுவதற்கான 'விவிட்' மோடிலேயே பல டிவிகள் வருகின்றன. அதில் தோல் நிறம் நீலம் பாய்ந்து கிடக்கும். 'மூவி' அல்லது 'சினிமா' மோடுக்கு மாற்றுங்கள், கலர் டெம்பரேச்சரை 'வார்ம்' வையுங்கள். முதல் நாள் மஞ்சளாகத் தெரியும். இரண்டு நாளில் கண் பழகிவிடும், அப்புறம் பழையதுக்குத் திரும்ப மனசு வராது.

ஓரங்களை அழுத்திக் காட்டும் ஷார்ப்னஸுக்கு இன்ன எண் என்று சொல்ல முடியாது, டிவிக்கு டிவி மாறும். செய்தி சேனலில் ஓடும் எழுத்தைப் பார்த்தபடி ஒவ்வொன்றாகக் குறையுங்கள். எழுத்தைச் சுற்றிய வெள்ளைக் கோடு மறையும் இடத்தில் நிறுத்துங்கள். எழுத்தே மழுங்கினால் ஒன்றிரண்டு மேலே ஏற்றுங்கள். படத்தின் புள்ளி புள்ளியான இரைச்சலை வழித்துவிடும் நாய்ஸ் ரிடக்ஷனை ஹெச்.டி. சேனலுக்கு அணைத்துவிடுங்கள். முகத்தை மெழுகாக்கியது அதுதான். சாதாரண சேனல் மட்டும் பார்ப்பவர்கள் 'லோ'வில் வைக்கலாம்.

இத்தனையும் யூடியூப் ஓடும்போது ஒரு சாயங்காலம் முழுக்கச் செய்தேன். மறுநாள் காலை அப்பா செய்தி போட்டால் பழைய மெழுகு முகமே வந்தது. டிவி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். விஷயம் என்னவென்றால், பல டிவிகள் இந்த அமைப்புகளை ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனித்தனியாக வைத்துக்கொள்கின்றன. ஹெச்.டி.எம்.ஐ. 1-க்கு ஒன்று, செயலிகளுக்கு ஒன்று, ஹெச்.டி.ஆர். படம் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் வித்தியாசம் கூடுதலாகக் காட்டும் வகை) ஓடும்போது இன்னொன்று. எதில் பார்க்கிறீர்களோ அதை ஓடவிட்டுக்கொண்டே மாற்ற வேண்டும். 'எல்லா இன்புட்டுக்கும்' என்று ஒரு வசதி உங்கள் டிவியில் இருந்தால் வேலை மிச்சம்.

ஹெச்.டி.ஆர். படம் இருட்டாக இருக்கிறது என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். இந்த விலை டிவிகளின் பேக்லைட்டுக்கு (திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு) அவ்வளவு வெளிச்சம் கிடையாது. ஹெச்.டி.ஆர். ஓடும்போது பேக்லைட்டை முழுசாக ஏற்றுங்கள், பவர் சேவிங்கை அணையுங்கள். கரண்ட் பில்லுக்குப் பயந்து அப்பா அதைப் போட்டே வைத்திருந்தார். 100 வாட் இழுக்கும் டிவி ஐந்து மணி நேரம் ஓடினாலும் அரை யூனிட்தான் என்று கணக்குப் போட்டுக் காட்டிய பிறகே விட்டார்.

4. அசைவு

பெட்டியில் எம்.இ.எம்.சி. என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். சினிமா விநாடிக்கு 24 படங்களாக வருகிறது, இடையில் இல்லாத படங்களை டிவியே உண்டாக்கிச் சேர்ப்பதுதான் இது. விலை குறைந்த டிவிகளில் இது சரியாக வருவதில்லை. ஒகேனக்கல் வீடியோவில் துடுப்பைச் சுற்றித் தண்ணீர் கொழகொழவென்று பிசிறியது. நான் அணைத்தே வைத்திருக்கிறேன். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் 'லோ'.

பின்சேர்க்கை 1: எல்லாம் செய்தும் படம் வெளுத்துத் தெரிகிறது என்று ஊத்தங்கரையிலிருந்து ஓர் அண்ணன் கேட்டார். போட்டோ அனுப்பச் சொன்னேன். டிவி ஷோகேஸுக்கு மேலே ஆறடி உயரத்தில் தொங்குகிறது, வீட்டார் கீழே பாயில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். நேராகப் பார்த்தால் நன்றாக இருக்கும் பேனல், கீழிருந்து பார்த்தால் வெளுக்கும். முன்பக்கம் சாய்கிற டில்ட் ஸ்டாண்டு போட்டதும் சரியாகிவிட்டது. சுவரோடு ஒட்டும் ஸ்டாண்டை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பின்சேர்க்கை 2: இருட்டு அறையில் முழுக் கறுப்புப் படம் போடும்போது மூலையில் வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரிந்தாலோ, சாம்பல் நிறப் படத்தில் கறுப்புப் பட்டை விழுந்தாலோ அது பேனல் குறை. எந்த செட்டிங்ஸும் அதை முழுசாகப் போக்காது. கெடு முடிவதற்குள் மாற்றிக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 3: கிருஷ்ணகிரியில் அக்கா வீட்டு டிவியை ரீசெட் செய்ததில் வைத்ததெல்லாம் அழிந்துபோனது. அமைப்புகளை முடித்ததும் ஒவ்வொரு திரையையும் போனில் போட்டோ எடுத்து வையுங்கள், எந்த இன்புட்டுக்கு என்பதும் அதில் தெரியட்டும்.