கண்ணில் வைத்த ஃபோகஸ் காதில் விழுந்தால்

பெரிய ஃபிலிம் கேமராவில் மாட்டும், மென்மையான படம் தரும் பழைய லென்ஸான வொல்லன்சாக் வெரிட்டோ எஃப் 4-இல் முதலில் எடுத்த உருவப்படங்களில் எல்லாம் ஒரே கோளாறு: ஃபோகஸ் வைத்தது கண்ணில், கூர்மை விழுந்தது காதில். ஃபிலிமைத் தாங்கும் ஹோல்டரைச் சந்தேகித்தது வீண்.

இந்த லென்ஸில் மென்மைக்காகக் கோளப் பிறழ்ச்சியை (கதிர்கள் ஒரே இடத்தில் குவியாத குறையை) வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறார்கள். ஓரக் கதிர்கள் லென்ஸுக்கு அருகிலும், நடுக் கதிர்கள் சற்றுத் தள்ளியும் குவியும். எஃப் 4-இல் ஃபோகஸ் செய்துவிட்டு லென்ஸின் துளையை 5.6-க்குக் குறைத்தால் (எண் கூடினால் துளை சிறிது) ஓரக் கதிர்கள் வெட்டுப்படும். கூர்மையான தளம் கண்ணிலிருந்து பின்னால், காதுப் பக்கம் நகர்ந்துவிடும்.

எனவே எடுக்கப்போகும் துளையிலேயே ஃபோகஸ் செய்கிறேன். இருட்டுத்துணிக்குள் லூப் (சிறு உருப்பெருக்கி) வைத்து, கண்மணியில் மின்னும் ஒளிப்புள்ளியைப் பார்க்க வேண்டும். சுற்றிலும் மூட்டம் இருக்கும். நடுவிலுள்ள புள்ளி மிகச் சிறிதாகும் இடம்தான் சரி. இமைமுடியைப் பார்த்து ஃபோகஸ் செய்தால் ஏமாற்றம்தான். எஃப் 4-இல் ஒளிவட்டம் அதிகம், முகத்துக்கு 5.6 போதும், 8-ஐத் தாண்டினால் மென்மை ஏறக்குறைய போய்விடும்.

ஷட்டர் இல்லாத லென்ஸா? லென்ஸ் மூடியைக் கையால் கழற்றி மாட்டுவதே ஷட்டர். ஐஎஸ்ஓ 100 ஃபிலிம், ஜன்னல் வெளிச்சத்தில் எஃப் 5.6-க்கு 1/8 நொடி வந்தால், அது கைக்கு மிகக் குறைவு; ஒளியை எட்டில் ஒன்றாகக் குறைக்கும் என்டி 8 ஃபில்டர் போட்டு 1 நொடி. தலைக்குப் பின்னால் ஒரு தாங்கி அவசியம்.

வாங்குமுன் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே பூஞ்சைப் படலம் இருந்தால் எஃப் 11-இலும் படம் வெளிறும். அது மென்மை அல்ல, அழுக்கு.